ஒரே கூரை, நாலு கடை

ஒரு ஹோஸ்டிங் அக்கவுன்ட்டில் பல வெப்சைட்டுகளை வைப்பது சிக்கனம்தான். ஆனால் ஒன்றில் பற்றும் தீ அடுத்ததற்குப் பரவாமல் தடுக்க நடுவில் சுவர் கிடையாது.

2025 பிப்ரவரி கடைசியில் சூரத் ரிங் ரோடில் உள்ள சிவசக்தி ஜவுளி மார்க்கெட் எரிந்தது. முதல் நாள் கட்டுக்குள் வந்ததாக நினைத்த தீ மறுநாள் மீண்டும் கிளம்பியது. நூற்றுக்கணக்கான கடைகள் கரிக்கட்டையாயின. தீ எந்தக் கடையில் தொடங்கியது என்ற ஆராய்ச்சி, சரக்கை இழந்த மற்றவர்களுக்கு ஆறுதல் எதையும் தரவில்லை. அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

பொதுச் சுவரின் ஆபத்தை அந்த ஊர் ஜவுளிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இன்டர்நெட் என்று வந்துவிட்டால், சரக்கை இரண்டு கோடௌன்களில் பிரித்து வைக்கும் வியாபாரிகூட அந்த எச்சரிக்கையை மறந்துவிடுகிறார்.

கற்பனையாக ஒரு புடவை மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு நாலு வெப்சைட். முதலாவது, மதுரைக்கும் ஐதராபாத்துக்கும் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரத்துக்கு. இரண்டாவது, மருமகள் நடத்தும் குர்தா கடைக்கு. மூன்றாவது, குடும்பம் பராமரிக்கும் தர்மசத்திரத்துக்கு. நான்காவது, 2017இல் மகன் கல்யாணத்துக்காகப் போட்டது. அழைப்பிதழ், போட்டோக்கள், மண்டபத்துக்கு வழி. கல்யாணம் முடிந்து பேரன் பள்ளிக்கூடம் போகிறான். வெப்சைட் அப்படியே இருக்கிறது.

நாலுக்கும் சேர்த்து ஒரே ஹோஸ்டிங் அக்கவுன்ட். ஒரே பாஸ்வேர்டு, வருடத்துக்கு ஒரே பில். இதை அமைத்துக் கொடுத்த பையன் சொன்ன கணக்கு சரியானதுதான். நாலு அக்கவுன்ட்டுக்குக் கட்டுவதில் முக்கால்வாசி மிச்சம். கல்லாவில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் இந்தக் கணக்கை மறுக்கமாட்டார்.

கதவு எண்ணும் பெயரும்

இந்த மிச்சம் எப்போதுமே இருந்ததில்லை. விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, ஒரு வெப்சைட் என்றால் அதற்கென்று தனி ஐ.பி. எண் தேவைப்பட்டது. ஒரு சர்வரில் பத்து வெப்சைட்டுகளை வைக்க வேண்டுமானால் பத்து எண்கள் வேண்டும். காரணம் எளிமையானது. அன்றைய பிரவுசர் சர்வரின் கதவைத் தட்டும்போது எந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டுமே கேட்கும். யாருடைய பக்கம் என்று சொல்லாது. கதவு எண் மட்டும் எழுதி, பெறுபவர் பெயர் எழுதாத கடிதம் மாதிரி. வீட்டில் ஒருவர் மட்டும் குடியிருந்தால் சிக்கல் இல்லை. பத்துக் குடித்தனம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிமுறை இதைத் தீர்த்து வைத்தது. பிரவுசர் ஒவ்வொரு முறையும் தான் தேடி வந்த டொமைன் பெயரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. அப்பாச்சி சர்வர் 1996இலேயே இந்த வசதிக்குத் தயாராகியிருந்தது. ஒரே எண்ணில் நூறு வெப்சைட்டுகள் இருந்தாலும், வந்தவர் சொல்லும் பெயரைக் கேட்டு சர்வர் சரியான அறைக்கு அனுப்பிவிடும். வெப் ஹோஸ்டிங் என்பது மலிவுச் சரக்கானது இந்த ஒரு வரி மாற்றத்தால்தான்.

மாற்றம் சரியான நேரத்தில் வந்தது. பழைய முறையில் உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி ஐ.பி. எண்கள்தான். உலகத் தலைமைக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. வெப்சைட்டுக்கு ஒரு எண் என்ற பழைய கணக்கில் போயிருந்தால், சின்ன வியாபாரிக்கு இன்டர்நெட்டில் இடமே கிடைத்திருக்காது.

பூட்டுப் போட்ட வெப்சைட்டுகளுக்கு, அதாவது எஸ்.எஸ்.எல். பாதுகாப்பு உள்ளவற்றுக்கு, இந்த வசதி வர மேலும் சில வருடங்கள் பிடித்தன. பிரவுசர் பெயரைச் சொல்வதற்கு முன்பே ரகசியப் பேச்சு தொடங்கிவிடும். எனவே எந்த வெப்சைட்டின் சான்றிதழைக் காட்டுவது என்று சர்வருக்குத் தெரியாது. 2003இல் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஆனால் விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அந்த வழி கடைசிவரை புரியவில்லை. எக்ஸ்.பி. ஓய்வு பெற்றது 2014இல். அடுத்த வருட டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் தர ஆரம்பித்தது. 2018 ஜூலையிலிருந்து கூகுளின் குரோம் பிரவுசர் பூட்டில்லாத வெப்சைட்டுகளைப் ‘பாதுகாப்பற்றது’ என்று முத்திரை குத்தத் தொடங்கியது. அதற்குள் புடவைக்காரரின் நாலு வெப்சைட்டுகளுக்கும் செலவில்லாமலே பூட்டு கிடைத்திருந்தது.

சேர்க்கை மூன்று வகை

1996இல் அமெரிக்காவில் பிறந்த சிபேனல் போன்ற சாஃப்ட்வேர்கள் எல்லாவற்றையும் மவுஸ் கிளிக்கில் முடித்துத் தருகின்றன. ஒரு அக்கவுன்ட்டுக்குள் பெயர்களை மூன்று விதமாகச் சேர்க்கலாம். மூன்றையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

முதல் வகை, கூடுதல் டொமைன். தனிப் பெயர், தனி ஃபோல்டர், தனி வெப்சைட். மருமகளின் குர்தா கடை இந்த வகை. வாடிக்கையாளருக்கு அது மாமனாரின் அக்கவுன்ட்டில் ஒண்டுக்குடித்தனம் இருப்பது தெரியாது.

இரண்டாவது, மாற்றுப் பெயர். ஒரே கடைக்கு இரண்டு பெயர்ப் பலகை. .காம் என்று தேடினாலும் .இன் என்று தேடினாலும் அதே வெப்சைட் திறக்கும். போட்டிக்காரர் அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போகாமல் இருப்பதற்காகவே பலர் இப்படி வாங்கி வைக்கிறார்கள்.

மூன்றாவது, துணை டொமைன். இருக்கும் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் புள்ளியும் சேர்த்தால் போதும். புதிதாகப் பெயர் வாங்க வேண்டாம். ஆர்டர் எடுக்க ஒன்று, கேட்டலாக் காட்ட ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டுக்கும் பெயரைக் காசு கொடுத்துப் பதிவு செய்தாக வேண்டும். 1995 செப்டம்பரில் .காம் பெயருக்கு முதன்முதலாகக் கட்டணம் விதித்தபோது வருடத்துக்கு 50 டாலர். அதையும் இரண்டு வருடத்துக்குச் சேர்த்து 100 டாலராகக் கட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அதே பெயரின் மொத்த விலை 10.26 டாலர். பெயர் மலிந்தது, இடமும் மலிந்தது. நாலு வெப்சைட் வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல என்றாகிவிட்டது.

சுவர் எங்கே இருக்கிறது?

சிக்கல் அக்கவுன்ட்டின் உள்ளே இருக்கிறது. ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். ஒரு அக்கவுன்ட் இன்னொன்றின் ஃபைல்களைத் தொடாதபடி ஹோஸ்டிங் நிறுவனம் சுவர் எழுப்பியிருக்கும். ஆனால் ஒரே அக்கவுன்ட்டில் இருக்கும் நாலு வெப்சைட்டுகளுக்கு நடுவில், சாதாரண ஏற்பாட்டில், அந்தச் சுவர் இல்லை. சர்வரின் கண்ணுக்கு அவை நாலு பேர் அல்ல, ஒரே ஆள். ஒன்றுக்குள் நுழைந்தவர் மற்ற மூன்றின் ஃபைல்களையும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். டேட்டாபேஸின் பாஸ்வேர்டு பெரும்பாலும் அந்த ஃபைல்களில் ஒன்றில்தான் எழுதியிருக்கும். கடைக்குள் வந்த திருடனுக்குப் பெட்டிச் சாவியும் ஆணியிலேயே கிடைப்பது மாதிரி.

திருடன் எந்த வழியாக வருவான்? ஆர்டர் வரும் மொத்த வியாபார வெப்சைட் வழியாக அல்ல. அதை யாராவது தினமும் பார்க்கிறார்கள். கல்யாண வெப்சைட்டை யாரும் பார்ப்பதில்லை. 2017இல் நிறுவிய வேர்டுபிரஸ், அதே காலத்து போட்டோ கேலரி பிளகின், ஒருமுறைகூட அப்டேட் செய்யவில்லை. பழைய பிளகின்களின் ஓட்டைகள் பகிரங்கமாகப் பட்டியலிடப்பட்டவை. அவற்றைத் தேடி இரவும் பகலும் இன்டர்நெட்டைச் சுற்றிவரும் புரோகிராம்களுக்குக் கல்யாண வெப்சைட் என்றும் வியாபார வெப்சைட் என்றும் பேதம் கிடையாது.

அதன் பிறகு நடப்பது பழகிப்போன கதை. கூகுளில் புடவைக் கடையின் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் போலிக் கைப்பைகளும் காலணிகளும் விற்பனைக்கு வரும். இது கற்பனையல்ல. இந்த வகைத் தாக்குதலைச் சரிசெய்வது எப்படி என்று கூகுளே தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அல்லது அக்கவுன்ட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பை ஈமெயில் கிளம்பும். ஹோஸ்டிங் நிறுவனம் சர்வரைக் காப்பாற்ற அக்கவுன்ட்டை முடக்கும். அது முடக்குவது கல்யாண வெப்சைட்டை அல்ல, அக்கவுன்ட்டை. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு மொத்த வியாபாரம், குர்தா கடை, சத்திரத்தின் அறை முன்பதிவு எல்லாம் ஒரே நேரத்தில் இருண்டுபோகும்.

இதில் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, வெப்சைட்டுக்குள் ஊடுருவல் போன்ற சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். தன்னிடம் நான்காவதாக ஒரு வெப்சைட் இருப்பதையே மறந்துபோனவர், அதற்குள் ஆள் நுழைந்ததை எப்போது தெரிந்துகொள்வார்?

திருடன் வராவிட்டாலும் பங்காளிச் சண்டை உண்டு. ‘அன்லிமிடெட்’ என்று விளம்பரப்படுத்தும் பிளான்களில் வரம்பில்லாதது பெரும்பாலும் டிஸ்க் இடம் மட்டுமே. பிராசசர் நேரம், மெமரி, ஃபைல்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு உச்சவரம்பு இருக்கும். அந்த வரம்பு ஒரு வெப்சைட்டுக்கு அல்ல, மொத்த அக்கவுன்ட்டுக்கு. பல சர்வர்களில் ஒவ்வொரு ஈமெயிலும் ஒரு ஃபைலாகக் கணக்காகும் என்பதால், அழிக்காமல் விட்ட பத்து வருட இன்பாக்ஸே குர்தா கடைக்குப் புதுப் படம் ஏற்ற முடியாமல் செய்துவிடும்.

ஈமெயிலிலும் கவனம் தேவை. ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புபவரின் அடையாளத்தை நிரூபிக்கும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். பதிவை எல்லோரிடமும் கேட்கிறது. ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் கட்டாயம். இந்தப் பதிவு அக்கவுன்ட்டுக்கு ஒன்று அல்ல, டொமைனுக்கு ஒன்று. முதல் டொமைனுக்குச் செய்துவிட்டு மற்றதை விட்டால், மருமகளின் பில்கள் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும்.

சாம்பலான நகல்

நகல் எடுத்து வைத்திருக்கிறோமே என்பது அடுத்த சமாதானம். எங்கே என்பதுதான் கேள்வி. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து அழிந்தது. நெட்கிராஃப்ட் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 4,64,000 டொமைன்களைச் சேர்ந்த 36 லட்சம் வெப்சைட்டுகள் அன்று இருண்டன. சில வாடிக்கையாளர்கள் பணம் கட்டி வாங்கிய நகல்களும் அதே வளாகத்தில் இருந்தன. அசலும் நகலும் சேர்ந்து போயின.

அக்கவுன்ட்டுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்த நகலும் அதே ரகம்தான். அக்கவுன்ட் முடங்கினால் நகலும் முடங்கும். திருடன் வந்தால் முதலில் அழிப்பதும் அதைத்தான். மாதம் ஒருமுறை நாலு வெப்சைட்டுகளின் ஃபைல்களையும் டேட்டாபேஸ்களையும் கடைக் கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ இறக்கி வைப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

பெயர் யாருடையது?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பதிவேட்டில் இருக்கும் பெயர். இடமும் பெயரும் இரு வேறு சொத்துகள். ஹோஸ்டிங் வாடகைக் கடை மாதிரி. அது போனால் நகலை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போகலாம். டொமைன் பெயர் போனால், இருபது வருடமாக பில் புத்தகத்திலும் விசிட்டிங் கார்டிலும் அட்டைப் பெட்டியிலும் அச்சிட்ட முகவரியே போய்விடும்.

புடவைக்காரரின் நாலு பெயர்களும் எந்த ஈமெயில் முகவரியில் பதிவாகியிருக்கின்றன? நாடெங்கும் சின்ன நிறுவனங்களில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அந்தப் பையனைத்தான் கேட்க வேண்டும்.” பையன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போயிருப்பான். பழைய ஈமெயிலை அவன் திறப்பதே இல்லை. கட்டணம் கட்டச் சொல்லும் நினைவூட்டல்கள் அங்கேதான் போய் விழும். இது மோசடி அல்ல. அன்றைக்கு வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று இரண்டு பேரும் செய்த வசதி.

.காம் பெயர் காலாவதியானதும் உடனே கை நழுவிவிடாது. வழக்கமாகச் சில வாரங்கள் சலுகைக் காலம் உண்டு. பிறகு 30 நாள் மீட்புக் காலம். அப்போது கூடுதலாகத் தண்டம் அழ வேண்டும். அதற்குப் பிறகு 5 நாள். அதோடு பெயர் சந்தைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

மறதிக்குப் பெரியவர் சிறியவர் இல்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயில் பலருக்குத் திறக்கவில்லை. உள்ளே நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட்.காம் என்ற பெயருக்கு 35 டாலர் கட்ட மைக்ரோசாஃப்ட் மறந்துபோயிருந்தது. ஒரு அமெரிக்க புரோகிராமர் தன் சொந்த கிரெடிட் கார்டில் கட்டிக் காப்பாற்றினார். புடவைக் கடைக்கு அப்படி ஒரு நல்ல மனிதர் அமைவார் என்று நம்பி இருக்க முடியாது.

கோர்ட்டுக்குப் போகலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வியாபாரப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2004இல் தீர்ப்பளித்தது. .இன் பெயர்களுக்கு அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பிடம் தனித் தீர்வு முறையும் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யும்போது ஐந்து நிமிடத்தில் சரியாக எழுதியிருக்க வேண்டிய பெயருக்காக வக்கீல் வைப்பது நல்ல வியாபாரம் அல்ல.

எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது

அப்படியானால் ஒரே அக்கவுன்ட் தவறா? இல்லை. சேர்ந்தே வாழ்ந்து சேர்ந்தே விழக்கூடியவற்றைச் சேர்த்து வைக்கலாம். மொத்த வியாபாரத்தின் .காம், .இன் பெயர்கள், அதன் கேட்டலாக், ஆர்டர் பக்கம் எல்லாம் ஒரே அக்கவுன்ட்டில் இருப்பதில் நஷ்டம் இல்லை. ஒன்று விழுந்தால் மற்றதாலும் பயன் கிடையாது.

பணம் வாங்கும் கடைக்குத் தனி அக்கவுன்ட். குர்தா கடை இதில் வரும். அடுத்தவர் சொத்துக்கும் தனி அக்கவுன்ட். சத்திரம் ஊர்ப் பணத்தில் நடப்பது. வியாபாரத்தில் வரும் விபத்து அதைத் தொடக் கூடாது. ஐந்தாறு வெப்சைட்டுகளுக்கு மேல் போனால் ரீசெல்லர் பிளான் வாங்கலாம். பில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் ஒவ்வொரு வெப்சைட்டும் தனி அக்கவுன்ட்டில் தனிச் சுவரோடு இருக்கும். முன்பு இது மிகவும் மலிவு. 2019 ஜூனில் சிபேனல் தன் கட்டணத்தை சர்வர் கணக்கிலிருந்து அக்கவுன்ட் கணக்குக்கு மாற்றியதும், தனி அக்கவுன்ட் ஒவ்வொன்றுக்கும் விலை கூடியது. ‘எல்லாவற்றையும் ஒன்றிலேயே போடு’ என்ற ஆசைக்கு அது இன்னும் கொஞ்சம் எண்ணெய் வார்த்தது.

கல்யாண வெப்சைட்டை என்ன செய்வது? போட்டோக்களை இறக்கி வைத்துக்கொண்டு அழித்துவிட வேண்டியதுதான். பயன்படாத வெப்சைட்டை வைத்திருப்பதற்குச் செலவில்லை என்று நினைப்பதுதான் இந்த விவகாரத்தில் மிக விலை உயர்ந்த நினைப்பு.

மிச்சம் இருப்பது ஒரு சாயங்கால வேலை. நாலு பெயர்களின் பதிவையும் திறந்து பார்த்து, உரிமையாளர் இடத்தில் தன் பெயரும் தான் தினமும் பார்க்கும் ஈமெயிலும் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது. அந்த ஈமெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் படுத்தால் அதைக் காப்பாற்றச் சொல்லும் கடிதமும் வராது. காலாவதி தேதிகளை, பையனின் மொபைலில் அல்ல, கடைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது.

ரிங் ரோடில் கடை எடுப்பவர் பக்கத்துக் கடையில் என்ன விற்கிறார்கள், மின் ஒயர் எப்படிப் போகிறது என்று விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. இன்டர்நெட்டில் அவருக்கு அடுத்த கடையும் அவருடையதே. விசாரிக்க வேண்டியது அவரைத்தான்.